பட்டத்துக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு

கடைசி செமஸ்டர் முடித்து ஊருக்கு வந்த மூன்றாவது நாள், கோவில்பட்டியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. எதிர் வரிசையில் இருந்த அத்தை சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டார்: "என்ன மருமகனே, படிப்பு முடிஞ்சிருச்சாம்ல, அடுத்து என்ன செய்யப் போறீங்க?" பந்தியே என் வாயைப் பார்த்தது. "பார்க்கணும் அத்தை" என்றேன். அது 2015. மெக்கானிக்கல் படித்திருந்தேன், கேம்பஸில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு அரியர் வேறு. அந்தப் "பார்க்கணும்" மூன்று வருடம் இழுத்தது.

இப்போது ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். மே, ஜூன் வந்தால் சொந்தக்காரப் பிள்ளைகள் போன் பண்ணி "அண்ணா, டிகிரி முடிச்சாச்சு, என்ன பண்ணலாம்" என்று கேட்கிறார்கள். இதற்கு நம் ஊரில் இரண்டு ரெடிமேட் பதில் உண்டு. "உனக்கு எது பிடிக்குமோ அதைச் செய்" என்பது ஒன்று. "எதுக்கு ஸ்கோப் இருக்கோ அதைப் பிடி" என்பது இன்னொன்று. இரண்டையும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எந்த வாய்ப்பு எத்தனை மாதத்தில் கைவிட்டுப் போகும், அதுவரை வீடு எத்தனை மாதம் தாங்கும் என்பதை இரண்டு பதிலும் தொடுவதில்லை. பிடித்தது, பிடிக்காதது எல்லாம் அதற்குள்தான் அடங்குகிறது. குறைந்தபட்சம் எங்கள் மாதிரி வீடுகளில். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார்.

முதலில் கூட்டத்தின் அளவைப் பார்த்துவிடலாம். ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களோடு ஒப்பிட்டால் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள், இந்தியா முழுமைக்கும் அது 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் நம்மோடு சேர்ந்து வெளியே வருகிற கூட்டமும் அதே விகிதத்தில் பெரியது. இன்னொரு எண்ணையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2022 நிலவரப்படி இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே 3.4 சதவீதம். இதைக் காட்டி "படிச்சு என்ன பிரயோஜனம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அப்படி வாசிப்பது தப்பு. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞன் நாளைக்கே சித்தாள் வேலைக்குப் போயாக வேண்டும், காத்திருக்க அவனிடம் காசு இல்லை. பட்டதாரிக்கு வீட்டில் சோறு இருக்கிறது, அதனால் காத்திருக்கிறான். வேலையில்லாமல் இருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டும். கேள்வி என்னவென்றால், அந்த வசதி எத்தனை மாதத்துக்கு?

சரி, சீக்கிரம் கைவிட்டுப் போகிற வாய்ப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். கம்பெனிகள் புதியவர்களை எடுக்கும் விளம்பரங்களைக் கவனித்துப் பாருங்கள். "60 சதவீதத்துக்கு மேல், நிலுவை அரியர் இல்லை" என்பதோடு எப்போதும் ஒரு வரி இருக்கும்: இந்த வருட பேட்ச், மிஞ்சினால் போன வருட பேட்ச். அவ்வளவுதான். பால் பாக்கெட்டில் தேதி அடித்த மாதிரி நம் பட்டத்திலும் ஒன்று அடித்திருக்கிறது, நமக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை. முடித்து ஒன்றரை, இரண்டு வருடம் தாண்டிவிட்டால் நாம் ஃப்ரெஷரும் இல்லை, அனுபவம் உள்ளவரும் இல்லை. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது தேர்ச்சி பெற்ற வருடம் கேட்கும் கட்டத்தில் நம் வருடமே பட்டியலில் இருக்காது. நான் 2018-ல் ஒரு படிவத்தில் 2015-ஐத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். பட்டியல் 2017-ல் ஆரம்பித்தது.

அதே சமயம் அந்த வேலையின் மதிப்பும் கரைந்திருக்கிறது, இதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஐடி சேவை நிறுவனங்கள் மொத்தமாக எடுக்கும் புதியவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற இடத்திலேயே 10 வருடத்துக்கு மேல் நின்றுகொண்டிருக்கிறது. அப்போது 5 ரூபாய்க்குக் குடித்த டீ இப்போது 15. எடுக்கும் ஆட்களும் முன்போல இல்லை. டிசிஎஸ் மாதிரி ஒரு நிறுவனத்திலேயே 2023-24 நிதியாண்டில் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தும் சேரும் தேதி வராமல் உட்கார்ந்திருப்பது தனி வேதனை. என் சித்தப்பா பையன் 2022 பேட்ச், ஒரு கம்பெனி அவனை 14 மாதம் "விரைவில் தெரிவிக்கிறோம்" என்ற மின்னஞ்சலிலேயே வைத்திருந்தது. அவன் அந்த 14 மாதமும் வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை, ஏனென்றால் அவன் கணக்கில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது! கையெழுத்துப் போட்ட ஆஃபரை வேலை என்று எண்ணாதே, முதல் சம்பளம் வரும்வரை தேடிக்கொண்டே இரு என்று அவனிடம் யாராவது சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

பாண்ட் பற்றி, அதாவது இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை, பல பேர் கேட்பதால். "சும்மா மிரட்டலுக்குத்தான், கோர்ட்டில் நிற்காது" என்று சீனியர்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், 3 வருடம் முடிக்காமல் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொன்னது. எனவே தொகையையும் காலத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

இனி இதற்கு நேர் எதிரான பக்கம், அரசுத் தேர்வு. பொறியியல் படித்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ஏன் எழுதுகிறான் என்று தொலைக்காட்சி விவாதங்களில் ஆச்சரியப்படுவார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, பெருக்கிப் பார்த்தால் போதும். இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. அதன் மேல் 2025 தொடக்கத்தில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியைப் போட்டால் 30,000 தாண்டுகிறது, வீட்டு வாடகைப் படி தனி. மூன்றரை லட்சப் பாக்கேஜில் பிடித்தம் போகக் கைக்கு வருவது 25,000 சொச்சம், அதுவும் சென்னையில் அல்லது பெங்களூரில் வாடகை கொடுத்து. அங்கே ஊருக்குப் பக்கத்துத் தாலுகா, இங்கே சோழிங்கநல்லூரில் வாடகைக் கட்டில். பையன் சரியாகத்தான் கணக்குப் போடுகிறான்.

அவன் கணக்கில் விட்டுப்போவது காலம். 2022 குரூப் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் அறிவிப்பு, மே 21-ல் முதல்நிலைத் தேர்வு, 2023 பிப்ரவரி 25-ல் முதன்மைத் தேர்வு, அதன் முடிவு வந்தது 2024 ஜனவரியில். அதற்கப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. கடைசி வருடம் படித்துக்கொண்டே விண்ணப்பித்திருந்தால்கூட, முடிவைப் பார்க்கும்போது பேட்ச் வருடம் காலாவதியாகியிருக்கும். தேறியவருக்குச் சரி. எண்ணிக்கையைப் பாருங்கள்: 2022 குரூப் 4-க்கு சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அறிவிப்பில் இருந்த இடங்கள் 7,301. பின்னால் 10,000-க்கு மேல் உயர்த்தினார்கள். 2025-ல் விண்ணப்பம் 13.89 லட்சம், அறிவித்த இடம் 3,935.

இத்தனை பேர் தோற்கிற தேர்வில் ஏன் யாரும் விலகுவதில்லை? இங்கேதான் ஒரு விதி விளையாடுகிறது. இடஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த பட்டதாரிக்கு குரூப் 4, குரூப் 2 இரண்டிலும் பெரும்பாலான பதவிகளுக்கு வயது உச்சவரம்பே கிடையாது. நல்ல எண்ணத்தில் வைத்த விதி, முதல் தலைமுறையாகப் படித்து வருகிறவனுக்குத் தேவையான விதி, இதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் "உனக்கு நேரம் முடிஞ்சுது, எழுந்து வீட்டுக்குப் போ" என்று சொல்லாத தேர்வில் தானாக எழுந்து போவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். யுபிஎஸ்சியில் பொதுப்பிரிவுக்கு 32 வயதுக்குள் 6 முயற்சி, ஓபிசிக்கு 35-க்குள் 9 என்று கோடு இருக்கிறது. கடுமையான கோடுதான். ஆனால் கோடு இருப்பதால் அங்கே தோற்றவர்கள் ஒரு நாள் தோற்று முடிக்கிறார்கள். இங்கே தோல்வி முடிவதே இல்லை, "ரெண்டு மார்க்ல போச்சு, அடுத்த தடவை" என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் இரண்டரை வருடம் அண்ணா நகரில் ஒரு ரீடிங் ஹாலில் உட்கார்ந்தேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை, பலகை அடித்துப் பிரித்த 60 தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு ட்யூப்லைட், ஒரு சார்ஜர் பாயிண்ட், மாதம் 1,000 ரூபாய். என் இடம் 34. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் இடம் நம்முடையது, யாரும் தொடமாட்டார்கள். காலை ஏழு மணிக்கு வருகிறவர்கள் இரவு பத்து வரை இருப்பார்கள், நடுவில் டீக்கடைக்கு இறங்கி "கட் ஆஃப் எவ்வளவு வரும்" என்று பேசுவதும் படிப்புக் கணக்கிலேயே சேரும். பக்கத்து 35-ல் இருந்த அண்ணனுக்கு அப்போதே 31 வயது. தடுப்பின் உள்பக்கம் திருக்குறள் அதிகாரப் பட்டியலும், அதற்குக் கீழே பென்சிலில் தேதிகளும் எழுதியிருந்தார். ஒவ்வொரு தேர்வு நாளும் ஒரு தேதி. நான் வந்தபோது ஆறு இருந்தது. வீட்டிலிருந்து போன் வந்தால் எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் பேசுவார், திரும்பி வந்து அரைமணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

2018 பிப்ரவரி 11. கிராம நிர்வாக அலுவலர் பதவியையும் சேர்த்து முதல் தடவையாக நடந்த குரூப் 4, 9,351 இடம். எனக்குக் கிடைக்கவில்லை, 35-க்கும் கிடைக்கவில்லை. நான் கிளம்பிவிட்டேன். துணிச்சல் எல்லாம் ஒன்றும் இல்லை, அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸ் மூடிவிட்டார்கள், பணம் வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். என் கணக்கை நான் போடவில்லை, வீடு போட்டுக் கொடுத்தது. கோவில்பட்டியில் ஒரு வொர்க்‌ஷாப்பில் 8,000 ரூபாய்க்குச் சேர்ந்து, அங்கே கற்ற அளவுக்கருவி வேலையை வைத்துத்தான் ஒரகடம் வந்தேன். இதில் பட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், வாசலில் உள்ளே விட்டார்கள், அதுதான்.

மேற்படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. மேலே படிப்பது பல பேருக்கு அறிவைத் தேடி அல்ல, பேட்ச் வருடத்தைப் புதுப்பித்துக்கொள்ள. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நல்ல வழிதான். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் தேறி எம்.டெக் போனால் மாதம் 12,400 உதவித்தொகை உண்டு, மதிப்பெண் 3 வருடம் செல்லும், கேம்பஸ் இரண்டாவது தடவை கிடைக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் எழுதி அரசுக் கல்லூரியில் எம்பிஏ படிப்பதற்கும், பெரிய ஐஐஎம்களில் 20 லட்சத்துக்கு மேல் கட்டிப் படிப்பதற்கும் இடையே எதுவென்று முடிவுசெய்வது கடன்தான். பெயர் தெரியாத கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் எம்பிஏ சேர்வது மட்டும் இரண்டு வருடத்தைக் காசு கொடுத்துத் தள்ளிப்போடுவது.

கடனைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் "படிக்கிறப்ப கட்ட வேண்டாம்" என்பதைப் பாதிப் பேர் "வட்டி இல்லை" என்று புரிந்துகொள்கிறார்கள். 10 லட்சம், 10 சதவீத வட்டி, 2 வருடப் படிப்பு, அதற்குப்பின் ஒரு வருட அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே முழுத்தொகையும் வாங்கியிருந்தால், தவணை ஆரம்பிக்கும்போது நீங்கள் நிற்பது 13 லட்சத்தில். 10 வருடத்தில் கட்டினால் மாதம் 17,000 ரூபாய்க்கு மேல். அந்த மூன்றரை லட்சப் பாக்கேஜில் கைக்கு வரும் பணத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை யூரோவில், டாலரில் அடைத்துவிடலாம் என்று போகிறார்கள். அது அங்கே தங்கி வேலை கிடைக்கும்வரை சரி. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக்கட்டணம் இல்லை, ஆனால் விசாவுக்கு வருடச் செலவாக 11,904 யூரோ, அதாவது 10 லட்சத்துக்கு மேல், முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். படித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். பிரிட்டனில் இப்போது 2 வருடம் கிடைக்கிறது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் 18 மாதமாகிறது. ஆக அங்கேயும் ஒரு காலாவதித் தேதி இருக்கிறது, என்ன, அதை வெளிப்படையாக விசாவிலேயே அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பி.எட். முடித்து ஆசிரியர் ஆவதும் வரிசைதான். தகுதித் தேர்வில் 2013-ல் தேறியவர்கள் வேலைக்குக் காத்திருந்தபோது, 2018-ல் வந்த அரசாணை 149 நியமனத்துக்குத் தனியாக இன்னொரு போட்டித் தேர்வு உண்டு என்றது. அவர்கள் நடத்திய போராட்டங்களை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இதற்குள் சேர்க்கவில்லை. அங்கே பதிந்து 5 வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் 72,000-க்குள் இருந்தால், மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. 600!

யாரும் கேட்காத, ஆனால் நான் எல்லோரிடமும் சொல்லும் ஒன்று இருக்கிறது: பட்டதாரிகளுக்கான அப்ரண்டிஸ் பயிற்சி. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வருவது. நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் எடுக்கிறார்கள், சென்னை தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் வாரியம் வழியாகத் தனியார் தொழிற்சாலைகளும் எடுக்கின்றன. 2025 தொடக்க நிலவரப்படி மாதம் 9,000 என்ற அளவில் ஆரம்பம், ஒரு வருடம், நிரந்தர வேலை என்று உத்தரவாதம் கிடையாது. "பி.இ. படிச்சிட்டு ஒம்போதாயிரத்துக்கா" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு வருடம் முடிந்தால் கையில் அரசுச் சான்றிதழ் இருக்கும், "இந்த ஒரு வருடம் என்ன செய்தாய்" என்ற கேள்விக்கு ஒரு தொழிற்சாலையின் பெயர் பதிலாக இருக்கும். வழக்கமாக இதற்கு ஒரு வருட வேலை அனுபவம் உள்ளவர்களை எடுப்பதில்லை. ஆகவே முதலில் செய்தால் உண்டு, பிறகு நினைத்தால் கிடையாது. எனக்கு இது தெரிந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்.

பெண் பிள்ளைகள் கேட்டால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது, இதைச் சொல்ல எனக்கே சங்கடம். பையனுக்கு வீடு மூன்று வருடம் தரும், பெண்ணுக்கு "வரன் வர்ற வரைக்கும்" என்று தரும், அது ஆறு மாதமாகவும் இருக்கலாம். நேரில் அப்படிச் சொல்லமாட்டார்கள், ஜாதகத்தை எடுத்துப் புரோக்கரிடம் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் மூன்று வருடத் தேர்வுத் திட்டத்தில் இறங்குவது ஆபத்து. முதலில் ஏதோ ஒரு வேலை, கையில் ஒரு சம்பளம், வெளியூரில் ஒரு ஹாஸ்டல் கட்டில் என்று பிடித்துக்கொண்டவர்கள்தான் அதற்கப்புறம் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தாம்பரம் மாதிரி இடங்களில் அரசின் தோழி விடுதிகள் வந்தது இதற்கு நிஜமாகவே உதவுகிறது, ஏனென்றால் அப்பாக்களின் முதல் ஆட்சேபணை "எங்க தங்குவே" என்பதுதான்.

என்னிடம் இப்போது யாராவது கேட்டால் ஒரு பேப்பரில் எழுதச் சொல்கிறேன். எது முதலில் கைவிட்டுப் போகுமோ அது மேலே: ஆஃப் கேம்பஸ் (கல்லூரிக்கு வெளியே நாமே விண்ணப்பித்துத் தேடும் வேலை), அப்ரண்டிஸ், கேட். எது காத்திருக்குமோ அது கீழே: குரூப் தேர்வுகள், பி.எட். கீழே இருப்பதை மேலே இருப்பதோடு சேர்த்தே செய்யலாம். குரூப் 4-ல் 200 கேள்வியில் 100 தமிழ், வேலைக்குப் போய்க்கொண்டே படித்துத் தேறியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இருக்கிறார்கள். மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கீழே மட்டும் உட்கார்ந்தால், திரும்பி வரும்போது மேல் வரிகள் அடித்துப் போயிருக்கும். முழுநேரமாகத் தேர்வுக்குத்தான் படிக்கப் போகிறேன் என்றால் அதுவும் சரி, ஆனால் எழுந்து போகும் தேதியை உட்காரும் நாளிலேயே எழுதி வீட்டில் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மூன்றாவது வருடத்தில் நம் மூளை அந்தத் தேதியைக் குறிக்க விடாது.

போன ஜூனில் சாத்தூரிலிருந்து மாமா பொண்ணு பேசினாள். பி.காம், 78 சதவீதம். குரூப் 2 படிக்க வேண்டும் என்கிறாள், திருநெல்வேலியில் ஒரு இடத்தில் அப்ரண்டிஸாக எடுக்கவும் தயாராக இருக்கிறார்கள். இரண்டையும் செய், ஒரு வருடம், அதற்குள் ஒரு முதல்நிலைத் தேர்வு, அப்புறம் யோசிக்கலாம் என்றேன். "அத நீங்களே அப்பாட்ட சொல்றீங்களா அத்தான்" என்று போனைக் கொடுத்துவிட்டாள். மாமா முழுக்கக் கேட்டார். குரூப் 2 பற்றி, அப்ரண்டிஸ் பற்றி, 9,000 பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தன மாசம் மாப்ளே?"

"பன்னெண்டு, மாமா. அடுத்த ஜூன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை, பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும். "ஜூன்னா சரி," என்றார், "தை மாசம் ஒரு எடம் வருதுன்னு சொன்னாக. ஜூன் வரைக்கும் நான் பேசிக்கிறேன்."